வான்ஸின் மில்வாக்கி பேச்சு: கென்டக்கி கல்லறையும் சொல்லாமல் விட்ட உக்ரைனும்

குமரன்_ஒஹாயோ
18 ஜூலை 2024

நேற்று இரவு குடியரசுக் கட்சியின் மில்வாக்கி மாநாட்டில், டிரம்பின் துணை அதிபர் வேட்பாளராக ஜே.டி. வான்ஸ் பேசியதை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். காலையில் எழுத்து வடிவத்தையும் ஒரு தடவை படித்தேன். அவர் செனட்டராக இருக்கும் ஒஹாயோ மாநிலத்தில்தான் பதினோரு வருடமாக இருக்கிறேன். அதனால் எனக்கு இதில் கூடுதல் அக்கறை உண்டு. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தன் அம்மா போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு பத்து வருடம் ஆகப்போகிறது என்று சொல்லி, கூட்டத்தில் இருந்த அந்த அம்மாவைப் பார்த்தாரே, அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. டேட்டனிலிருந்து சின்சினாட்டி போகிற 75ஆம் எண் நெடுஞ்சாலையில் இறங்கி, அவர் சொந்த ஊரான மிடில்டவுனுக்குள் போனவர்களுக்கு அந்த ஊரின் கதை புரியும். இரும்பாலை இன்னும் ஓடுகிறது. ஆனால் கடைத்தெருவில் நடந்தால் பூட்டிக் கிடக்கிற கடைகளை எண்ணிக்கொண்டே போகலாம். ஒரு கடையில் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்கள், அதன் எழுத்துகள் இருந்த இடம் மட்டும் சுவரில் வெளிறாமல் நிற்கிறது. இந்த ஊருக்கு அநியாயம் நடந்தது என்று அவர் சொல்வதில் பொய்யே இல்லை.

அந்த அநியாயத்தை அவர் யார் தலையில் கட்டினார் என்பதில்தான் எனக்குக் கோபம். தான் நான்காம் வகுப்பு படித்தபோது பைடன் நாஃப்டாவை (மெக்சிகோ, கனடாவோடு போட்ட வர்த்தக ஒப்பந்தம்) ஆதரித்தார், உயர்நிலைப் பள்ளியில் இருந்தபோது சீனாவுக்கு வர்த்தகச் சலுகை கொடுத்தார், பள்ளி முடிக்கும் வருடத்தில் இராக் படையெடுப்பை ஆதரித்தார் என்று வரிசையாக அடுக்கினார். மூன்றும் உண்மை. பைடன் மூன்றுக்கும் ஆதரவாக வாக்களித்தவர்தான். ஆனால் பக்கத்தில் நின்றவர்கள் யார்?

நாஃப்டாவில் கையெழுத்துப் போட்ட முதல் அதிபர் அப்பா புஷ், 1992 டிசம்பரில். அடுத்த வருடம் கீழவையில் அது 234-200 என்று தேறியபோது ஆதரித்த 234 பேரில் 132 பேர் குடியரசுக் கட்சிக்காரர்கள். 2000இல் சீனச் சலுகை செனட்டில் 83-15. 2002 அக்டோபரில் இராக் தீர்மானம் 77-23. அன்று செனட்டில் இருந்த 49 குடியரசுக் கட்சியினரில் எதிர்த்தவர் ஒரே ஒருவர். ஜனநாயகக் கட்சியில் 21 பேர் எதிர்த்தார்கள். நேற்று அந்த அரங்கில் கைதட்டியவர்களின் கட்சிதான் அந்தப் போரைத் தொடங்கி நடத்தியது. புஷ் என்ற பெயரை வான்ஸ் உச்சரிக்கவே இல்லை. "இவை எல்லாவற்றிலும் டிரம்ப் சரி, பைடன் தவறு" என்று முடித்துவிட்டார். இராக் மீது படையெடுக்கலாமா என்று 2002 செப்டம்பரில் ஒரு வானொலி நிகழ்ச்சியில் கேட்டபோது, ஆமாம் என்றுதான் நினைக்கிறேன் என்று டிரம்ப் சொன்னது பதிவில் இருக்கிறது.

கடற்படைக் காலாட்படையில் சேர்ந்து, 2005இல் இராக் போய்வந்த மனிதர் இவர். அந்தப் போரைப் பற்றி முழு உண்மையும் சொல்லத் தகுதி உள்ளவர். பாதி சொன்னார்.

இன்னொன்று. பைடன் அரசு இந்த மார்ச்சில்தான் மிடில்டவுன் இரும்பாலையின் ஊது உலையை மாற்றி நவீனமாக்க 50 கோடி டாலர் வரை தருவதாக அறிவித்தது. அவர் தாத்தா வேலை பார்த்த ஆலை அது. ஊருக்காக இவ்வளவு உருகியவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சரி, வெளியுறவுக்கு வருகிறேன். பேச்சு முழுக்கத் தேடிப் பார்த்தேன். உக்ரைன் என்ற சொல் இல்லை. ரஷ்யா இல்லை. தைவான் இல்லை. நட்பு நாடுகள் பாரத்தைப் பகிரவேண்டும், அமெரிக்க வரி செலுத்துபவரின் தயவில் இனி யாருக்கும் இலவசச் சவாரி இல்லை என்ற வரிதான் உண்டு. ஒன்றரை வருடமாக செனட்டில் இவர் மற்றவர்களைவிட உரக்க எதிர்த்தது உக்ரைன் உதவியை. 2022 பிப்ரவரியில், படையெடுப்புக்குச் சில நாள் முன்பு, உக்ரைனுக்கு என்ன ஆனாலும் எனக்குக் கவலையில்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர். நாடு முழுக்க கேட்கும் மேடையில் மட்டும் அதை விழுங்கிவிட்டார்.

ஆனால் அதே பேச்சில் ஒரு பகுதி இருக்கிறது. கிழக்கு கென்டக்கி மலைச்சரிவில் அவர் குடும்பத்தின் கல்லறை நிலம். மனைவி உஷாவிடம் அன்று கல்யாணத்துக்குக் கேட்டபோது, என்னிடம் 1,20,000 டாலர் படிப்புக் கடனும் ஒரு கல்லறை நிலமும்தான் இருக்கிறது என்றாராம். தானும் மனைவியும் பிள்ளைகளும் அங்கே போய்ச் சேர்ந்தால் ஏழு தலைமுறை அந்தச் சின்ன நிலத்தில் இருக்கும் என்றார். மனிதர்கள் வெறும் கருத்துகளுக்காகச் சண்டை போடமாட்டார்கள், தங்கள் வீட்டுக்காகச் சண்டை போடுவார்கள் என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது உக்ரைன்தான். 2022 பிப்ரவரி 24 காலையில் துப்பாக்கி வாங்க வரிசையில் நின்ற பேருந்து ஓட்டுநரும் பள்ளி ஆசிரியரும் எதற்காக நின்றார்கள்? கல்லறை நிலம் இவருக்கு மட்டும்தான் உண்டா? இவர் பேச்சிலேயே மிக நல்ல பகுதி இவருடைய வெளியுறவுக் கொள்கைக்கு எதிராக நிற்கிறது. இதுதான் என் விமர்சனம். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?


மலையோரம்
18 ஜூலை 2024

எனக்கு அந்தக் கல்லறைப் பகுதி மிகவும் பிடித்தது. என் அப்பாவும் குலதெய்வம் கோயில் திடலைக் காட்டி இப்படித்தான் பேசுவார். அதைக் கேட்டதும் எனக்கு உக்ரைன் தோன்றவில்லை, எங்கள் ஊர்தான் தோன்றியது. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு மறுபடி கேட்டுப் பார்த்தேன். இப்போது அந்த இடம் உறுத்துகிறது.


கணக்குப்பிள்ளை
19 ஜூலை 2024

குமரன், வாக்கு எண்ணிக்கை பற்றி நீங்கள் சொன்னது சரி. அதில் நான் வாதாட மாட்டேன். ஆனால் உக்ரைன் விஷயத்தில் வான்ஸ் மனிதாபிமானம் இல்லாமல் பேசுகிறார் என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். அவர் வாதம் இரக்கத்தைப் பற்றியதல்ல, எண்ணிக்கையைப் பற்றியது. நான் பதினைந்து வருடம் உற்பத்தித் திட்டமிடலில் வேலை செய்தவன். எனக்கு அவர் கேட்ட கேள்வி நியாயமாகவே படுகிறது.

ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸில் கட்டுரை எழுதினார். அதில் இரண்டு எண்களைப் பாருங்கள். 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு வருடத்துக்கு 40 லட்சத்துக்கு மேல் தேவை என்கிறது உக்ரைன் தரப்பு. அமெரிக்கா உற்பத்தியை இரட்டிப்பாக்கியும் வருடத்துக்கு 3,60,000தான் வருகிறது. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வானில் வரும் ஏவுகணையைத் தடுக்கும் பேட்ரியட் ஏவுகணை வருடத்துக்கு 550 தான் செய்கிறார்கள். அதையே தைவானும் கேட்கிறது. பணம் அச்சடித்துவிடலாம், ஏவுகணையை அச்சடிக்க முடியாது.

கடையில் சரக்கு இல்லாதபோது எல்லாருக்கும் தருகிறேன் என்று சொல்பவன்தான் பொய்யன். வரிசையில் யாரை முன்னால் நிறுத்துவது என்று முடிவெடுப்பவனை நான் குறை சொல்லமாட்டேன். வான்ஸ் சீனாவை முன்னால் நிறுத்துகிறார். மாநாட்டுக்கு வந்த முதல் நாளே தொலைக்காட்சிப் பேட்டியில் நம் நாட்டுக்குப் பெரிய அச்சுறுத்தல் சீனா என்று சொன்னார். ஐரோப்பா பணக்காரக் கண்டம். அதன் வாசலில் நடக்கும் போரை அது பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவ்வளவு பெரிய குற்றமா?


குமரன்_ஒஹாயோ
19 ஜூலை 2024

கணக்குப்பிள்ளை அண்ணா, நீங்கள் சொன்னதை அலட்சியமாக ஒதுக்கமாட்டேன். அந்தக் கட்டுரையை நானும் படித்தேன். அவர் எழுதியதிலேயே நேர்மையான எழுத்து அதுதான் என்று நினைக்கிறேன். அதனாலேயே கேட்கிறேன்: ஏப்ரலில் எழுதத் தெரிந்ததை ஜூலையில் மேடையில் சொல்ல ஏன் முடியவில்லை? "நம்மிடம் குண்டு போதாது, அதனால் உக்ரைன் நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்" என்று மக்களிடம் சொல்லி வாக்குக் கேட்கட்டும். அதற்குப் பதிலாக இலவசச் சவாரி என்றார். போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்துக்கொண்டிருக்கும் ஒரு நாட்டின் மேல் அந்தச் சொல் போய் விழுகிறது.

அடுத்து, உற்பத்தி. குண்டு எங்கே தயாராகிறது என்று பார்ப்போம். பென்சில்வேனியாவில் ஸ்க்ரான்டனில் ராணுவத் தொழிற்சாலை இருக்கிறது. எஃகுக் கம்பிகளைத் துண்டுபோட்டு, செக்கச்செவேலென்று காய்ச்சி, அழுத்தி நீட்டி 155 மி.மீ. குண்டின் கூட்டைச் செய்கிறார்கள். அங்கிருந்து அயோவாவுக்குப் போய் வெடிமருந்து நிரப்பப்படுகிறது. அயோவாவில் அந்த ஆலை இருக்கும் ஊரின் பெயரும் மிடில்டவுன்தான். வான்ஸ் ஊர் வேறு, அது வேறு, ஆனால் இதை அறிந்தபோது எனக்கு என்னவோ செய்தது. இவர் பேசிய அதே வகைத் தொழிலாளிகள், அதே வகை ஊர்கள்.

ஏப்ரலில் தேறிய சட்டத்தில் உக்ரைனுக்கு என்று ஒதுக்கிய சுமார் 6,100 கோடி டாலரில் 2,300 கோடி அமெரிக்கக் கிடங்கை மறுபடி நிரப்புவதற்கு. அதாவது இங்கேயுள்ள ஆலைகளுக்கு. சரக்குப் போதவில்லை என்று எழுதியவர், சரக்கைக் கூட்டும் பணத்துக்கு எதிராக வாக்களித்தார். செனட்டில் 79-18. அந்த 18இல் ஒருவர் இவர். திட்டமிடல் துறையில் இருந்தவர் நீங்கள், சொல்லுங்கள்: கொள்முதல் ஆணை உறுதியாக இல்லாவிட்டால் எந்த முதலாளி இரண்டாவது உற்பத்தி வரிசை போடுவான்?


கணக்குப்பிள்ளை
19 ஜூலை 2024

கடைசிக் கேள்விக்கு நேரான பதில்: போடமாட்டான். ஐந்து வருட ஆணை கையில் இல்லாமல் யாரும் இயந்திரம் வாங்கமாட்டார்கள். அந்த இடத்தில் வான்ஸ் வாக்கு அவர் வாதத்துக்கே முரண் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்று ஆணை போட்டாலும் குண்டு வர இரண்டு வருடம் ஆகும். அந்த இரண்டு வருடம் உக்ரைனிடம் ஆட்கள் இருப்பார்களா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. அதையும் யாராவது சொல்லியாகவேண்டும்.


வேம்படி
20 ஜூலை 2024

நான் மதுரையில் இருந்து எழுதுகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியன். அமெரிக்க அரசியல் ஆழமாகத் தெரியாது, கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் இந்த இழையைப் படிக்கிறேன். ஒரு சந்தேகம் தம்பி. இலவசச் சவாரி என்று அவர் சொன்னதில் உண்மையே இல்லையா? நேட்டோ நாடுகள் தங்கள் பங்கைச் செலவழிப்பதில்லை என்று வருடக்கணக்காகப் படித்திருக்கிறேனே.


குமரன்_ஒஹாயோ
20 ஜூலை 2024

ஐயா, நல்ல கேள்வி. உண்மை இருந்தது. 2014இல் நாட்டு வருமானத்தில் 2 சதவீதம் பாதுகாப்புக்குச் செலவிட்ட நேட்டோ நாடுகள் மூன்றுதான். அந்தக் காலத்தில் இதைச் சொன்ன ஒபாமாவும் சரி, பிறகு சத்தம் போட்ட டிரம்பும் சரி, தப்பில்லை. ஜெர்மனியைப் போன்ற நாடு அப்படி இருந்தது வெட்கக்கேடு. ஆனால் இந்த வருடக் கணக்குப்படி 32 நாடுகளில் 23 அந்த அளவைத் தொடும் என்று போன மாதம்தான் நேட்டோ அறிவித்தது. மாற்றியது புதினின் படையெடுப்பு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதை யாரும் மேடையில் சொல்வதில்லை. ஒருவரைத் தாக்கினால் எல்லாரையும் தாக்கியதாக எண்ணும் ஐந்தாம் பிரிவு நேட்டோ வரலாற்றில் ஒரே ஒரு தடவைதான் பயன்பட்டது. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு, அமெரிக்காவுக்காக. அதன்பின் ஆப்கானிஸ்தானில் இங்கிலாந்து 457 பேரைப் பறிகொடுத்தது. டென்மார்க், நம் சென்னையைவிடக் குறைவான மக்கள் உள்ள நாடு, நாற்பதுக்கு மேற்பட்ட வீரர்களை இழந்தது. எஸ்டோனியாவும் ஆள் அனுப்பி ஆளை இழந்தது. அந்தக் குடும்பங்கள் வான்ஸின் பேச்சைக் கேட்டிருந்தால் என்ன நினைத்திருக்கும்?


நிலா_கிளீவ்லாந்து
21 ஜூலை 2024

நான் கிளீவ்லாந்துக்குத் தெற்கே, பார்மாவுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்கமுடியவில்லை.

பார்மாவில் ஸ்டேட் ரோடு முழுக்க உக்ரைனியர்கள். உக்ரைன் கிராமம் என்றே அந்தப் பகுதிக்குப் பெயர். புனித விளாடிமிர் தேவாலயத்தின் கோபுரம் தூரத்திலிருந்தே தெரியும். நீலமும் மஞ்சளும் இல்லாத வாசல் குறைவு. இவர்களுக்கும் வான்ஸ்தான் செனட்டர். "உக்ரைனுக்கு என்ன ஆனாலும் கவலையில்லை" என்று சொன்னது தன் சொந்த மாநிலத்து மக்களின் உறவுக்காரர்களைப் பற்றி.

என்னுடன் மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் கெர்சான் பக்கத்துக்காரி. ஈஸ்டர் முடிந்த பிறகு அவர்கள் ஊரில் குடும்பத்தோடு கல்லறைக்குப் போவார்களாம். சாயம் தீட்டிய முட்டையும் பாஸ்கா ரொட்டியும் கொண்டுபோய், கல்லறை ஓரத்தில் துணி விரித்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒரு பங்கு இறந்தவர்களுக்கு. நம் அமாவாசைப் படையல் மாதிரி என்று நான் சொன்னேன், அவளுக்கு உடனே புரிந்தது. அவள் ஊர் நீப்பர் ஆற்றின் இடது கரையில், ஒலெஷ்கிக்குப் பக்கத்தில். 2022இலிருந்து ரஷ்யப் படையின் கையில். 2023 ஜூனில் ககோவ்கா அணை உடைந்து அந்தப் பக்கமெல்லாம் வெள்ளத்தில் மூழ்கியது. பாட்டி கல்லறை மேல் தண்ணீர் நின்றதா, வடிந்ததா, அந்தச் சிலுவை இருக்கிறதா என்றுகூட அவளுக்குத் தெரியாது. இந்த மே மாதம் அவள் ஒரு பாஸ்காவை வேலைக்குக் கொண்டுவந்து எங்கள் எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்தாள். கல்லறைக்குப் போகமுடியாததால் உங்களுக்குக் கொடுக்கிறேன் என்றாள்.

புதன்கிழமை இரவு வான்ஸ் கல்லறையைப் பற்றிப் பேசியபோது எனக்கு அவள் முகம்தான் தெரிந்தது. அதனால் குமரன் எழுதியதை நான் அப்படியே ஏற்கிறேன்.

அப்புறம், இன்னொரு விஷயமும் எனக்கு வலித்தது. அமெரிக்கா என்பது வெறும் கருத்து அல்ல, பகிர்ந்த வரலாறு உள்ள மக்கள் கூட்டம் என்றார். புதிதாக வருபவர்களை எங்கள் நிபந்தனைப்படிதான் குடும்பத்தில் சேர்ப்போம் என்றார். அவர் மனைவியின் பெற்றோர் ஆந்திராவிலிருந்து வந்தவர்கள், அதை அவரே மரியாதையோடு குறிப்பிட்டார். அவர் மனதில் வெறுப்பு இருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஏழு தலைமுறைக் கல்லறைதான் நாடு என்றால், பச்சை அட்டைக்குப் பன்னிரண்டு வருடமாகக் காத்திருக்கும் என்னைப்போன்றவர்களுக்கு அங்கே என்ன இடம்? இங்கே பிறந்த என் மகளுக்கு இந்த மண்ணில் ஒரு கல்லறைகூட இல்லை. அவள் பள்ளியில் நெஞ்சில் கைவைத்துச் சொல்லும் உறுதிமொழி ஒரு கருத்துதான். எல்லாருக்கும் சுதந்திரமும் நீதியும் என்ற கருத்து. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அமெரிக்கக்காரியாக இருக்கிறாள்.

கருத்துக்காக யாரும் சண்டை போடமாட்டார்கள் என்பதும் தவறு. அந்தக் கல்லறையில் உள்நாட்டுப் போர்க் காலத்தில் பிறந்தவர்கள் இருக்கிறார்கள் என்று அவரே சொன்னார். கென்டக்கி ஒன்றியத்தை விட்டு விலகாத மாநிலம். அங்கே ஒரே ஊர்ப் பையன்கள் இரண்டு பக்கமும் போனார்கள். மண்ணுக்காக மட்டும் சண்டை என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எதிரெதிரே ஏன் நின்றார்கள்? எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டார்கள் என்ற கருத்துக்குத் தன்னை ஒப்படைத்த நாடு என்று 1863இல் கெட்டிஸ்பர்க் மயானத்தில் நின்றுதான் லிங்கன் சொன்னார். அவரும் குடியரசுக் கட்சி, கென்டக்கியில் பிறந்தவர்.


மலையோரம்
21 ஜூலை 2024

நிலா, அந்தப் பாஸ்கா பகுதியை வீட்டில் வாசித்துக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.


கணக்குப்பிள்ளை
22 ஜூலை 2024

நிலா எழுதியதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் எண் எதுவும் இல்லை. படித்துவிட்டு ஒருநாள் கழித்தே எழுதுகிறேன்.

என் நிலை இன்னும் முழுக்க மாறவில்லை. எல்லை தாண்டிய எல்லாச் சண்டையிலும் அமெரிக்கா தலையிட்டு வியட்நாமிலும் இராக்கிலும் என்ன ஆயிற்று என்று பார்த்த தலைமுறை இது. அடக்கமான வெளியுறவுக் கொள்கையைக் கேட்கும் ஒருவர் இவ்வளவு உயரத்துக்கு வந்ததை நான் நல்லதாகவே பார்க்கிறேன்.


குமரன்_ஒஹாயோ
22 ஜூலை 2024

அண்ணா, அடக்கம் என்றால் எல்லா இடத்திலும் அடக்கம் இருக்கவேண்டும் இல்லையா? அவசியம் இருந்தால்தான் பிள்ளைகளைப் போருக்கு அனுப்புவோம் என்று வான்ஸ் சொன்னபோது நானும் தலையாட்டினேன். அடுத்த மூச்சில், அடித்தால் பலமாக அடிப்போம் என்றார். திங்கட்கிழமைப் பேட்டியில் ஈரானைப் பெயர் சொல்லி, சின்னச் சின்னக் குண்டுவீச்செல்லாம் வேண்டாம், அடித்தால் பலமாக அடிக்கவேண்டும் என்றார். மே மாதம் குவின்சி என்ற வெளியுறவு ஆய்வு நிறுவனத்தில் பேசியபோது உக்ரைனையும் இஸ்ரேலையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்று நீளமாக விளக்கினார். குண்டு போதாது என்ற எண் வாதம் ஈரானுக்கு மட்டும் எங்கே போயிற்று? பேட்ரியட் 550 தான் என்றால் மேற்காசியப் போருக்கும் அதே 550 தானே?

அணு ஆயுத விஷயத்தையும் சேர்த்துப் பாருங்கள். சோவியத் உடைந்தபோது உக்ரைன் மண்ணில் சுமார் 1,900 நீண்டதூர அணுகுண்டுகள் இருந்தன. 1994 டிசம்பரில் புடாபெஸ்டில் அமெரிக்காவும் பிரிட்டனும் ரஷ்யாவும் எல்லையை மதிப்போம் என்று கையெழுத்திட, உக்ரைன் அத்தனையையும் ஒப்படைத்தது. அந்தக் கையெழுத்துக்கு இந்த முடிவு என்று ஈரானும் பார்த்துக்கொண்டிருக்கிறது, வடகொரியாவும் பார்த்துக்கொண்டிருக்கிறது. நாளைக்கு ஈரானிடம் அணுகுண்டு முயற்சியைக் கைவிடு என்று எந்த முகத்தோடு கேட்பது? வான்ஸ் பயப்படும் அடுத்த போர் இப்படித்தான் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது.


கணக்குப்பிள்ளை
22 ஜூலை 2024

ஈரான் பற்றிச் சொன்னது சரி. அவருடைய அடக்கம் கொள்கையாக இல்லை, ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதை நான் கவனித்திருக்கவேண்டும். புடாபெஸ்ட் ஒப்பந்தத்தில் படை அனுப்புவதாக யாரும் எழுதிக் கொடுக்கவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.


குமரன்_ஒஹாயோ
14 செப்டம்பர் 2024

பழைய இழையை மேலே கொண்டுவருகிறேன். ஜூலையில் சொல்லாததை வான்ஸ் இந்த வாரம் ஒரு வலையொலியில் சொல்லிவிட்டார். இப்போதைய போர்முனைக் கோட்டை ஒட்டி ராணுவம் இல்லாத வலயம், அதற்குப் பின்னால் ரஷ்யா மறுபடி வராதபடி பலமான அரண், உக்ரைன் நேட்டோவில் சேராமல் நடுநிலை. டிரம்ப் கொண்டுவரும் அமைதி இப்படி இருக்கலாம் என்கிறார். பிடித்த நிலம் பிடித்தவனிடமே இருக்கும். நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி சொல்கிறேன். இதை அந்த மாநாட்டு மேடையில், கல்லறைக் கதைக்கு அடுத்த வரியாகச் சொல்லியிருந்தால் அரங்கம் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.


பனங்கூடல்
15 செப்டம்பர் 2024

நான் ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். ஜூலையில் இருந்து வாசிச்சுக்கொண்டுதான் இருந்தேன், எழுதவில்லை. எங்கட கதையும் உக்ரேன் கதையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் வரைபடத்தில் கோடு போடுவதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

1990 ஜூனில் நாங்கள் யாழ்ப்பாணத்தில் மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டோம். இரண்டு கிழமையில் திரும்பலாம் என்று அம்மா கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினவ. பிறகு வலிகாமம் வடக்கு முழுக்க உயர் பாதுகாப்பு வலயம் என்றார்கள். பெயரைக் கேட்டால் யாரையோ பாதுகாக்கிறது மாதிரித்தான் இருக்கும். போர் நடந்தது, ஓய்ந்தது, பேச்சுவார்த்தை வந்தது, உடைந்தது, 2009இல் எல்லாம் முடிந்தது. கோடு மட்டும் அப்படியே நின்றது. 2017இல் மயிலிட்டித் துறையை ராணுவம் விட்டபோது நான் இங்கே இருந்து போனேன். 27 வருஷம். வீடு இருந்த இடத்தைக் கிணற்றை வைத்துத்தான் கண்டுபிடிச்சேன். அம்மா அதற்கு நாலு வருஷம் முன்னமே போய்விட்டா.

சண்டை நிற்கவேண்டும் என்று என்னைவிட ஆசைப்படுகிறவர் யார்? கோடு போட்டாவது பிள்ளைகளின் சாவை நிற்பாட்டு என்று சொல்லுகிற தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். அவர்களைப் பிழை சொல்லமாட்டேன். ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஆருடைய ஊர் போகுது என்று சொல்லாமல் அமைதித் திட்டம் கதைக்கக்கூடாது. ஊரின் பெயர்களை வாசிக்கவேண்டும். நிலா தங்கச்சி, உங்களோடு வேலை செய்யும் அந்தப் பிள்ளைக்கு இந்தச் செய்தி தெரியுமா?


நிலா_கிளீவ்லாந்து
15 செப்டம்பர் 2024

தெரியும் அண்ணா. வெள்ளிக்கிழமை மதிய உணவு நேரத்தில் கைபேசியில் வரைபடத்தைத் திறந்து காட்டினாள். ஆற்றைப் பெரிதாக்கி, இடது கரையில் ஊரின் பெயரை எனக்கு இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தாள். இப்போதைய போர்முனை அந்த ஆறுதான். அதையே கோடாக்கினால் பாட்டி கல்லறை அந்தப் பக்கம். அவளுடைய அண்ணன் இந்தக் கரையில் படையில் இருக்கிறான். இரண்டுக்கும் நடுவில் எத்தனை கிலோமீட்டர் என்று அளந்து வைத்திருக்கிறாள். பதினொன்று.